வளர்ச்சி வரைபடமும் உயரக்குறைவும்: வாமன் காடில்கர் ஆய்வு குறித்த ஒரு மதிப்பீடு – நெய்வேலி நகரியத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

குழந்தையின் உயரக்குறைவு ஊட்டக்குறையால் நேர்ந்ததா, நாளமில்லாச் சுரப்பிக் குறையால் நேர்ந்ததா எனப் பிரித்தறிவதில் வளர்ச்சி வரைபடம் முதற்கருவியாகும். புனேயைச் சேர்ந்த குழந்தைச் சுரப்பியியல் மருத்துவர் வாமன் காடில்கரும் குழுவினரும் 2015இல் வெளியிட்ட இந்திய வரைபடத்தின் வலிமையையும் வரம்பையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: வளர்ச்சி வரைபடம், நூற்றுமானம், வளர்ச்சி ஹார்மோன், ஊட்டக்குறை, நெய்வேலி

முன்னுரை

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தோன்றியது. அதைச் சார்ந்து எழுந்த நகரியத்தில் எண்ணிட்ட வட்டங்களாக நிரந்தரப் பணியாளர் குடியிருப்புகள் அமைந்துள்ளன. ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்கள் பல சுற்றியுள்ள ஊர்களில் வாழ்கின்றன. வருவாயால் வேறுபட்ட இவ்விரு சூழல்களிலும் வளரும் குழந்தைகளை அளக்கும் வரைபடம் ஒன்றே. அது யாரை அளந்து வரையப்பட்டது என்பது ஆராயத்தக்கது.

வரைபடத்தின் ஆக்கம்

'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியான இவ்வாய்வு 5 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு உரியது. 14 நகரங்களைச் சார்ந்த, நடுத்தர, உயர் வருவாய்ப் பிரிவினரான 87,022 பேரின் தரவுகள் திரட்டப்பட்டன. வரைபடத்திற்குப் பயன்பட்டவை 33,148 பேரின் அளவுகளே. உயரத்திற்கேற்ற எடையில் மேல் எல்லையைக் கடந்தோர் நீக்கப்பட்டனர். தமிழகத்திலிருந்து சென்னையும் மதுரையும் மட்டுமே இடம்பெற்றன; சுரங்க நகரியமோ சிற்றூரோ இல்லை.

வசதி படைத்தோரை மட்டும் அளந்தது குறையாகத் தோன்றலாம். ஆயின் அதுவே இவ்வாய்வின் வலிமை எனலாம். ஊட்டக்குறையுள்ள குழந்தைகளையும் சேர்த்து வரைந்தால் கோடு தாழும். வறுமையால் குன்றிய உயரம் இயல்பானதாகிவிடும். மிகுஎடையினரை நீக்கியதற்கும் இதே காரணம் பொருந்தும்: பரவிவரும் உடற்பருமன் அளவுகோலாகிவிடக் கூடாது. வயது வந்தோரின் உடல் நிறை குறியீட்டெண் 23, 27 என்பவற்றுக்கு இணையாக மிகுஎடை, உடற்பருமன் எல்லைகளை வகுத்திருப்பதும் இந்தியரின் நீரிழிவு இடரைக் கருதிய தெளிவான முடிவாகும். ஆகவே இவ்வரைபடம் குழந்தைகள் எவ்வாறு வளர்கின்றனர் என்பதைவிட எவ்வாறு வளர வேண்டும் என்பதையே பெரிதும் உரைக்கிறது.

வரம்பு

நோயறிதலுக்கு இதனைப் பயன்படுத்தும்போதே சிக்கல் எழுகிறது. உயரம் 3ஆம் நூற்றுமானத்திற்குக் கீழிருப்பது நோய் அன்று; நலமான குழந்தைகள் நூற்றுவரில் மூவர் அங்கே இருப்பர். வளர்ச்சி ஹார்மோன் குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் உயரம் பின்தங்கும், எடை ஓரளவு நிலைக்கும். ஊட்டக்குறையில் எடையே முதலில் சரியும். உயர, எடை வரைபடங்களை இணைத்து நோக்கும் மருத்துவர்க்கு இது நல்ல குறிப்பாகும். எனினும் நெடுநாள் ஊட்டக்குறையில் உயரமும் எடையும் ஒருசேரக் குன்றுவதால், உயரத்திற்கேற்ற எடை இயல்பாகவே தோன்றக்கூடும். அந்நிலையில் இக்குறிப்பு பயன்படாது.

பெற்றோர் உயரச் சராசரியைக் கொண்டு குழந்தையின் இலக்கு உயரத்தைக் கணிக்கும் முறையும் இங்குத் தடுமாறுகிறது. பெற்றோரே இளமையில் உணவின்றிக் குன்றியவராயின் இலக்கும் தாழும். குழந்தையின் குறை மரபெனக் கொள்ளப்படும். நிரந்தரப் பணியாளர் வீட்டுக் குழந்தைக்கு நன்கு பொருந்தும் அளவுகோல், ஒப்பந்தத் தொழிலாளர் வீட்டுக் குழந்தைக்கு இருவகையிலும் பிழைபடக்கூடும்: சுரப்பிக் குறை வறுமையெனத் தள்ளப்படலாம்; வறுமை சுரப்பிக் குறையென மருத்துவமாக்கப்படலாம்.

வளர்வேகம்

வெவ்வேறு குழந்தைகளை ஒருமுறை அளந்து இணைத்த கோடு, ஒரு குழந்தையின் வளர்ச்சித் தடமாகாது. பூப்புக்கால உயர்வேகம் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வோர் அகவையில் நிகழ்வதால் சராசரிக் கோட்டில் அது மழுங்கிவிடுகிறது. இந்தியக் குழந்தைகளின் ஆண்டு வளர்வேக நூற்றுமானங்களைக் காடில்கர் குழுவினரே 2019இல் வெளியிட்டமை இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியாகும். பூப்புக்கு முன் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வளரும் குழந்தை, 3ஆம் நூற்றுமானத்திற்குக் கீழிருப்பினும் பெரிதும் அச்சத்திற்குரியதன்று. 4 செ.மீ.க்கும் குறைவாக வளரும் குழந்தை, கோட்டுக்கு மேலிருப்பினும் ஆய்வுக்குரியது.

முடிவுரை

ஏழைக் குழந்தைகளுக்கெனத் தனி வரைபடம் வேண்டுவது குறையை மறைப்பதாகவே முடியும். காடில்கர் குழுவினரின் அளவுகோல் உயர்ந்தே நிற்கட்டும். ஒற்றை அளவீட்டைத் தீர்ப்பாகக் கொள்ளாது, ஆண்டுதோறும் அளந்து வேகத்தை நோக்குவதே நெய்வேலி போன்ற இருசூழல் ஊர்களில் அதற்குப் பொருள் தரும். பள்ளி உடல்நலப் பதிவேட்டில் சென்ற ஆண்டின் உயரம் இடம்பெற்றிருந்தால், இம்மதிப்பீட்டுக்கு வேண்டிய முதற்சான்று கிடைத்துவிடுகிறது.