இரண்டாம் முறை வராதவர்கள்

தமிழ்நாட்டில் 'கவுன்சலிங்' என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பொறியியல் கல்லூரி இடம்தான். அடுத்தது, மகளிர் காவல் நிலையத்தில் கணவனையும் மனைவியையும் உட்காரவைத்துப் பேசி அனுப்புவது. பள்ளியில் பையன் தப்புச் செய்தால் 'கவுன்சலிங் கொடுத்தோம்' என்பார்கள். புத்திமதி சொன்னோம் என்று பொருள். இத்தனை அர்த்தங்களையும் மனதில் வைத்துக்கொண்டுதான் ஒருவர் முதன்முதலாக உளவியல் சிகிச்சைக்குப் போகிறார். தன் கதையைக் கேட்டுவிட்டு 'இப்படிச் செய்' என்று ஒருவர் சொல்லப்போகிறார் என்று நம்பிப் போகிறார். அங்கே நடப்பதோ வேறு.

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியும் தூக்கம் வராமல் நானும் அப்படி ஓர் இடத்துக்குப் போனேன். வரவேற்பறையில் ஆங்கிலத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. பக்கத்து நாற்காலியில் ஒரு பையனும் அவன் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். படிவத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பூஜ்யத்தை வட்டமிட்டேன். அது பொய்.

உள்ளே ஐம்பது நிமிடம். பிறந்த ஊர், படிப்பு, வேலை, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா, தைராய்டு உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். அவர் ஆங்கிலத்தில் கேட்டார், நானும் ஆங்கிலத்திலேயே சொன்னேன். அப்பா இறந்ததைக்கூடக் கண் கலங்காமல் சொல்லி முடித்தேன். கிளம்பும்போது அவர் தமிழில், "வீட்டுக்கு எப்படிப் போவீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் அழுகை வந்தது. ஆனால் நேரம் முடிந்துவிட்டது, அடுத்தவர் காத்திருந்தார். 1,200 ரூபாய் கட்டிவிட்டு வந்தேன். அதன் பிறகு அங்கே போகவில்லை.

அந்த முதல் நாள் முறையை முழுக்கக் குறை சொல்ல என்னால் முடியாது. தைராய்டு குறைபாடும் மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டும். அதைக் கேட்காமல் விடுவது பொறுப்பற்ற வேலை. வந்தவர் என்ன மருந்து சாப்பிடுகிறார், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்பதெல்லாம் முதல் நாளே தெரிந்தாக வேண்டும். அந்த ஒன்பது கேள்விகள் பி.எச்.க்யூ-9 எனப்படும் கேள்வித்தாள். அவசரத்தில் இருக்கும் பொது மருத்துவர்கூட மனச்சோர்வைத் தவறவிடக் கூடாது என்பதற்காக உருவானது. வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சிலர் தாளில் குறித்துவிடுவார்கள் என்பதும் உண்மை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் ஒருவர் குறுக்கே பேசாமல் கேட்பது. நம் வீடுகளில், குறிப்பாகப் பெண்களுக்கு, அது எப்போது கிடைத்திருக்கிறது? பாதிப் பேச்சில் குக்கர் கூவும், மாமியார் கூப்பிடுவார், கேட்பவரே தன் கதையை ஆரம்பித்துவிடுவார். 'என் வாழ்க்கையை முதலிலிருந்து கேட்ட ஒரே ஆள் அவங்கதான்' என்று தோழி ஒருத்தி தன் முதல் நாளைப் பற்றிச் சொன்னாள். நான் குறை சொல்லும் அதே கேள்வி வரிசைதான் அவளைக் காப்பாற்றியது.

என் ஆதங்கம் வேறு. முதல் நாள் முழுவதும், சிகிச்சை தருபவர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றுக்கே செலவாகிவிடுகிறது. வந்தவர் தெரிந்துகொள்ள வேண்டியவை பேசப்படுவதே இல்லை. இங்கே என்ன நடக்கும், எத்தனை முறை வர வேண்டும், நான் சொல்வது யார் காதுக்குப் போகும், நீங்கள் ஏன் அறிவுரை சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. அதை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. ஒருவேளை படிவத்தின் அடியில் அச்சிட்டிருந்திருக்கலாம்.

இந்தத் துறைக்கு இது தெரியாத விஷயமும் அல்ல. சிகிச்சையைத் தொடங்குவது பற்றி ஃப்ராய்டு 1913இலேயே ஒரு கட்டுரை எழுதினார். முதல் ஓரிரு வாரம் சோதனைக் காலம், நேரமும் கட்டணமும் தொடக்கத்திலேயே பேசி முடிவாக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சிகிச்சை தருபவருக்கும் வந்தவருக்கும் இடையிலான பிணைப்போடு, இலக்கு எது, அதற்கு இருவரும் செய்ய வேண்டிய வேலை என்ன என்பதிலும் உடன்பாடு வேண்டும் என்று 1979இல் உளவியலாளர் எட்வர்ட் போர்டின் எழுதினார். 669 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஸ்விஃப்டும் கிரீன்பெர்க்கும், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சிகிச்சையைப் பாதியில் விடுவதாக 2012இல் கண்டார்கள். அப்படி விட்டவர்களில் எத்தனை பேர் என்னைப் போல 'எனக்குத்தான் ஒழுங்காகப் பேசத் தெரியவில்லை' என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்திருப்பார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அறிவுரை விஷயத்தில் ஒரு வாதம் உண்டு. மனநல மருத்துவர் ஜே.எஸ். நேக்கி, 1973இல், இந்தியர்களுக்கான உளசிகிச்சைக்குக் குரு-சிஷ்ய உறவை முன்மாதிரியாகக் கொள்ளலாமா என்று ஆராய்ந்தார். நம்மவர் வழிகாட்டுதலை எதிர்பார்த்து வருகிறார்கள், அதை நோயாகப் பார்க்கக் கூடாது என்பது எனக்கும் சம்மதமே. ஆனால் குருவின் நாற்காலியில் உட்கார்ந்தவர் 'ஒரு கல்யாணம் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லிவிட்டால்? அதைச் சொல்லத்தான் வீட்டில் பத்துப் பேர் இருக்கிறார்களே. அறிவுரை வேண்டாம், ஏன் சொல்வதில்லை என்று முதல் நாளே விளக்கினால் போதும்.

மொழியையும் சொல்ல வேண்டும். 'ஆங்சைட்டி' என்று படிவத்தில் குறிப்பது சுலபம். 'நெஞ்சை அடைக்குது, கை கால் படபடங்குது, கோயிலுக்குப் போனாலும் மனசு ஒட்டல' என்று சொல்பவர் தன் நோயைத் தெளிவாகத்தான் சொல்கிறார். அதை ஆங்கிலத்துக்கு மாற்றும் சுமை அவர் தலையில் விழக் கூடாது.

ஏழு மாதம் கழித்து வேறொருவரிடம் போனேன். அங்கேயும் அதே படிவம் இருந்தது. அவர் அதை வாங்கித் தன் மேசையில் வைத்துவிட்டுத் தமிழில் பேசினார். "இன்னிக்கு நிறைய கேள்வி கேப்பேன். பிடிக்கலைன்னா அப்புறம் சொல்றேன்னு சொல்லுங்க. நாலு தடவை பாப்போம். உங்களுக்கு உதவலைன்னு தோணினா வேற ஒருத்தர்கிட்ட அனுப்புறேன், அதுல எனக்கு வருத்தமே கிடையாது. இங்க பேசறது வெளிய போகாது. உங்க உயிருக்கு ஆபத்துன்னு நினைச்சா மட்டும் வீட்ல ஒருத்தருக்குச் சொல்வேன், அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்."

பிறகு அந்த ஒன்பது கேள்விகளையும் அவரே ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்தார். ஒன்பதாவது வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ரெண்டு" என்றேன்.