நடுவில் நிற்பவரா, இணைப்பவரா?
எபிரேயர் திருமடலும் நம் தமிழ்ச் சொற்களும்

யோபு நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஓர் ஏக்கக் குரல் ஒலிக்கிறது. தம் துன்பத்தின் காரணம் விளங்காத அந்த நல்லவர், கடவுளோடு நேர்நின்று வழக்காடத் தம்மால் இயலாது என்று உணர்கிறார். இருவர்மீதும் கைவைத்து வழக்கைத் தீர்க்கவல்ல ஒருவர் நடுவே இல்லையே என்று புலம்புகிறார். எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இவ்விடத்தில் 'மெசித்தேஸ்' என்னும் சொல்லை ஆண்டனர். அப்பழைய பெயர்ப்பில் அச்சொல் வேறெங்கும் வருவதில்லை. புதிய ஏற்பாட்டிலோ அது ஆறு முறை வருகிறது. அவற்றுள் மூன்று எபிரேயர் திருமடலில் உள்ளன. யோபு தேடிக் காணாத ஒருவரை நாங்கள் கண்டுகொண்டோம் என்பதே அத்திருமடலின் அறிக்கை எனலாம்.

இந்த ஒருவரைத் தமிழர் எச்சொல்லால் அழைத்துள்ளனர்? அச்சொல் திருமடலின் கருத்தைத் தாங்குகிறதா? இவ்வினாக்களைச் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட இயலாது. குருவை மக்கள் எவ்வாறு காண்கின்றனர், குரு தம்மையே எவ்வாறு காண்கிறார் என்பவை பெரும்பாலும் இச்சொற்களாலேயே உருவாகின்றன.

ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871-இல் நிறைவேற்றிய மொழிபெயர்ப்பு, 'மத்தியஸ்தர்' என்னும் சொல்லைத் தேர்ந்தது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு 'இணைப்பாளர்' என்கிறது. திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமடலில் 'இணைப்பவர்' என்று வினைவடிவிலேயே சொல்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் பழைய சொல்லே மூலத்துக்கு அருகில் நிற்கிறது. கிரேக்கச் சொல்லின் வேர் 'நடு' என்பது. மத்தியஸ்தர் என்பதற்கும் நடுவில் நிற்பவர் என்பதே பொருள். எனினும் இரு சொற்களும் ஏற்கும் வேற்றுமை உருபுகளை உற்றுநோக்க வேண்டும். 'மத்தியஸ்தர்' நான்காம் வேற்றுமையை வேண்டுகிறது: இவருக்கும் அவருக்கும் மத்தியஸ்தர். இரு தரப்பும் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன; இடைவெளியும் அப்படியே இருக்கிறது. 'இணைப்பவர்' இரண்டாம் வேற்றுமையை வேண்டுகிறது: இவரையும் அவரையும் இணைப்பவர். இங்கே இடைவெளி மறைகிறது. ஓர் உருபு மாற்றத்தில் ஒரு முழு இறையியலே மாறிவிடுகிறது.

பீளமேட்டு மக்களுக்கு மத்தியஸ்தம் புதிதன்று. பஞ்சாலைகளின் சங்கு கேட்டு வளர்ந்த ஊர் இது. கூலி உயர்வு, போனஸ், கதவடைப்பு என்று வழக்கு எழும்போதெல்லாம் ஆலை நிர்வாகம் ஒருபுறமும் தொழிற்சங்கம் மறுபுறமும் அமர, தொழிலாளர் துறை அலுவலர் நடுவே அமர்வார். அதற்கு முத்தரப்புப் பேச்சுவார்த்தை என்று பெயர். அந்த அலுவலருக்குரிய முதல் தகுதி, அவர் எத்தரப்பையும் சேராதவர் என்பதே. முதலாளியின் உறவினராகவோ தொழிலாளியின் உடன்பிறப்பாகவோ இருந்தால் அவர் அந்த நாற்காலிக்குத் தகுதியற்றவர். பேச்சு முடிந்து ஒப்பந்தம் கையெழுத்தானதும் அவர் கோப்பை மூடிவிட்டு எழுந்து செல்வார். அதில் அவர் இழப்பது ஒன்றுமில்லை.

எபிரேயர் திருமடல் இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. எத்தரப்பையும் சேராதவர் என்பதாலன்று, இரு தரப்பையும் சேர்ந்தவர் என்பதாலேயே கிறிஸ்து இணைப்பவர் ஆகிறார். முதல் அதிகாரம் அவரைக் கடவுளின் மகனாகக் காட்டுகிறது. இரண்டாம் அதிகாரமோ, அவர் எல்லாவற்றிலும் தம் சகோதரரைப் போல் ஆகவேண்டியிருந்தது என்று துணிந்து கூறுகிறது. அவர் சோதிக்கப்பட்டவர், ஐந்தாம் அதிகாரம் காட்டுவதுபோல் உரத்த குரலெழுப்பிக் கண்ணீர் சிந்தி மன்றாடியவர். குருகுலமாகிய லேவியின் வழிவந்தவரும் அல்லர்; யூதாவின் குலத்தில் தோன்றியவர். அக்காலச் சட்டப்படி பார்த்தால் அவர் ஒரு பொதுநிலையினரே! ஆசிரியர் இதை மறைக்கவில்லை. மெல்கிசெதேக்கைச் சான்றுக்கு அழைத்து, குலவழி வராத குருத்துவம் ஒன்று உண்டென நிறுவுகிறார்.

இவ்வகையில் 1995-ஆம் ஆண்டுப் பெயர்ப்பு பாராட்டுக்குரியது. ஆயினும் 'இணைப்பாளர்' என்னும் சொல்லிலும் ஒரு குறை உண்டு. இன்றைய அலுவலகத் தமிழில் அது 'ஒருங்கிணைப்பாளர்' என்பதன் தம்பிபோல் ஒலிக்கிறது; கூட்டங்களைக் கூட்டிக் குறிப்பெழுதுகிறவரை நினைவூட்டுகிறது. இணைப்பதற்கு அவர் கொடுத்த விலை அச்சொல்லில் கேட்பதில்லை. அந்த விலையைத் திருமடலின் ஏழாம் அதிகாரத்து 22-ஆம் வசனத்தில் உள்ள மற்றொரு கிரேக்கச் சொல் உரைக்கிறது. 'எங்கியோஸ்' என்பது அச்சொல். புதிய ஏற்பாட்டில் அந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. பிணை நிற்பவர் என்று பொருள். ஒருவனுடைய கடனுக்கு மற்றொருவர் பிணை நின்றால் என்ன நிகழும் என்பதை நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடன்பட்டவன் தவறினால் பிணை நின்றவரின் வீடும் நிலமும் போகும். 'இணைப்பாளர்' என்று வாசிக்கும் இடமெல்லாம் இப்பொருளையும் உடன்வைத்து வாசிப்பது நலம்.

அடுத்து நாம் நாள்தோறும் வழங்கும் 'குரு' என்னும் சொல்லுக்கு வருவோம். 1606-இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி, அந்நியச் சமயத்தின் பணியாளராக அன்றி, இம்மண்ணின் மக்கள் மதிக்கும் குருவாகத் தோன்ற விழைந்தார். ஆண்டவரையே சற்குரு என்று அறிமுகப்படுத்தினார். அதனால் திருப்பணிக்கு ஒரு மாண்பு கிடைத்தது, இதை மறுப்பதற்கில்லை. ஆனால் குரு என்பவர் கற்பிப்பவர். அவர் எதிரே நிற்பவர் சீடர். அச்சொல்லில் உயரம் உண்டு. பலி இல்லை, உடன்பிறப்பு என்னும் உறவும் இல்லை. எபிரேயர் திருமடலின் தலைமைக்குருவுக்கோ இவ்விரண்டுமே உயிர்நாடி.

இன்னொன்றும் கருதத்தக்கது. பலி செலுத்தும் குருவைக் குறிக்கும் 'ஹியெரெயுஸ்' என்னும் சொல்லால், கிறிஸ்தவத் திருப்பணியாளர் ஒருவரைத் தனித்துச் சுட்டும் இடம் புதிய ஏற்பாட்டில் இல்லை. கிறிஸ்துவை அச்சொல்லால் அழைப்பது எபிரேயர் திருமடல். திருவெளிப்பாடோ மீட்படைந்த மக்கள் அனைவரையும் குருக்கள் என்கிறது. திருப்பணியாளருக்கு வழங்கிய பெயர்கள் மூப்பர், கண்காணிப்பாளர் போன்றவை. தமிழ் விவிலியத்தில் 'மூப்பர்' என்று படித்துவிட்டு, கோயில் வளாகத்தில் 'குரு' என்றும் 'சாமி' என்றும் அழைக்கும் நம் மக்கள், இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் தொடர்பையும் அறிய வாய்ப்பில்லை. கற்பிக்க வேண்டியது நம் கடமை.

உயரத்தை மட்டும் சொல்லும் குரு, வரலாற்றில் எத்தகைய இக்கட்டில் சிக்கினார் என்பதையும் காண வேண்டும். மேல்குலத்தாரிடையே வாழ்ந்த சந்நியாசிக் குரு, ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகக் கலந்து பழக இயலவில்லை. எனவே 1640-இல் பல்தசார் தா கோஸ்தா பண்டார சுவாமியின் கோலம் பூண்டு அம்மக்களிடையே பணிபுரியத் தொடங்கினார். ஒரே நற்செய்தி, ஒரே பலிபூசை, ஆனால் இரு வகைக் குருக்கள்! அந்நூற்றாண்டில் நம் சத்தியமங்கலத்திலும் கருமத்தம்பட்டியிலும் விசுவாசம் வேரூன்றியது இந்த மதுரை மறைப்பணியின் உழைப்பால்தான். அவர்களுடைய ஈகத்தை நன்றியோடு நினைக்கிறோம். நினைக்கும்போதே, இணைக்க வந்த பணி இரண்டாகப் பிரிந்து நின்றதையும் மறவாமல் இருப்பது நேர்மை.

அப்பிரிவு கல்லும் சுண்ணாம்பும் ஆன இடம் நெல்லைச் சீமையின் வடக்கன்குளம். அங்கே சாதிக்கொரு பக்கமாகக் கோயில் இரு கைகளாகக் கட்டப்பட்டது. இரு கைகளும் கூடும் இடத்தில் பீடம் அமைந்தது. ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைக் காண இயலாது. இரு பக்கத்தாரும் காணக்கூடியவர் பீடத்தில் நிற்கும் குரு ஒருவரே. நடுவில் நிற்பதற்கு இதைவிடச் சரியான இடம் இல்லை. ஆயினும் அங்கே நின்றவரால் எவரையும் இணைக்க இயலவில்லை. பிரித்த சுவர் 1910-இல் இடிக்கப்பட்ட பிறகே அது ஒரே சபை கூடும் கோயிலாயிற்று. நடுவில் நிற்பது வேறு, இணைப்பது வேறு என்பதற்குத் தமிழ்த் திருச்சபையில் இதனினும் தெளிவான விளக்கவுரையை நான் அறியேன்.

உயரத்துக்கு மாற்றாக நெருக்கத்தைச் சொல்லும் ஒரு பெயரும் நம் கொங்கு மண்ணில் உண்டு. கொங்கு வேளாளர் திருமணங்களில் சீர்களை முன்னின்று நடத்துபவர் அருமைக்காரர். அவர் துறவியோ வெளியூர்ப் புரோகிதரோ அல்லர். பிள்ளைகளைப் பெற்று வாழும் ஊர்ப் பெரியவர். அவரும் மனைவியும் அதற்குரிய சீர்களை முறைப்படி செய்து அத்தகுதியைப் பெறுகின்றனர். வாழ்வின் இன்பதுன்பங்களைக் கடந்து வந்த ஒருவரின் கையே மணமக்களை வாழ்த்தத் தகுந்தது என்னும் கருத்து, மனிதரிடமிருந்தே தேர்ந்தெடுக்கப்படும் குருவைப் பற்றித் திருமடலின் ஐந்தாம் அதிகாரம் கூறுவதற்கு எத்துணை அருகில் வருகிறது! ஆனால் அந்த நெருக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அவர் தம் இனத்தாருக்கு மட்டுமே அருமைக்காரர். திருமடலின் குருவோ நகரவாயிலுக்கு வெளியே துன்புற்றவர் என்று பதின்மூன்றாம் அதிகாரம் கூறுகிறது. வாயிலுக்கு வெளியே நின்றவருக்கு வெளியார் என்று எவருமில்லை.

அப்படியாயின், இணைப்பவர் ஒருவரே என்று விவிலியம் கூறும்போது உங்களுக்குக் குருக்கள் எதற்கு, புனிதர்கள் எதற்கு என்று பிற சபை நண்பர்கள் வினவுகின்றனர். வினா நேர்மையானது, சினமின்றி விடையளிக்க வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட 'திருச்சபை' பற்றிய கோட்பாட்டு விளக்கம், பொதுக்குருத்துவமும் பணிக்குருத்துவமும் அளவில் மட்டுமன்றித் தன்மையிலும் வேறானவை என்கிறது. இரண்டும் கிறிஸ்துவின் ஒரே குருத்துவத்தில் பங்குபெறுகின்றன என்றும், ஒன்றுக்கொன்று உறவுடையவை என்றும் கூறுகிறது. அன்னை மரியாவின் பரிந்துரையும் அந்த ஒரே இணைப்பாளரின் மாண்பைக் குறைப்பதோ கூட்டுவதோ இல்லை என்பதும் அவ்வேட்டின் போதனையே. 2025 நவம்பரில் விசுவாசக் கோட்பாட்டுத் துறை, அன்னைக்கு 'இணைமீட்பர்' என்னும் பட்டம் பொருந்தாது என்று அறிவித்ததும் இந்த அக்கறையால்தான். குரு கிறிஸ்துவுக்கு அடுத்த இரண்டாம் இணைப்பாளர் அல்லர். இணைப்பு ஏற்கனவே நிகழ்ந்துவிட்டது. அதை அருளடையாளத்தில் கண்முன் நிறுத்தும் பணியே அவருக்குத் தரப்பட்டுள்ளது.

இதை நாம் மறந்தால் குரு தரகராகிவிடுவார். "சாமி, நீங்கள் செபித்தால்தான் கடவுள் கேட்பார்" என்று எளிய மக்கள் கூறும்போது அதில் அன்பும் நம்பிக்கையும் நிறைந்திருக்கின்றன. ஆனால் அச்சொல்லை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும் குரு, கிழிந்துபோன திருத்தூயகத் திரையை மீண்டும் தைத்து மாட்டுகிறார். தம் குழந்தையின் காய்ச்சலுக்காகத் தாய் முழந்தாட்படியிட்டுச் செய்யும் செபத்துக்கும் அதே வழி திறந்திருக்கிறது என்று அவளுக்கு உரைப்பதே குருவின் முதற்பணி.

இதற்கு நம் மொழியே ஒரு பாடம் வைத்திருக்கிறது. தன்மைப் பன்மையில் 'நாம்', 'நாங்கள்' என்னும் இரண்டு சொற்கள் தமிழில் உண்டு. முன்னிலையாரை உட்படுத்துவது 'நாம்', உட்படுத்தாதது 'நாங்கள்'. திருப்பலியில் குரு மக்களின் பெயரால் இறைவனை நோக்கி மன்றாடும்போது 'நாங்கள்' என்கிறார். அப்போது அவர் நிற்கும் இடம் மக்களின் பக்கம். அவர்களுள் ஒருவராக, அவர்களோடு கைவிரித்து நிற்கிறார். மக்களை நோக்கித் திரும்பி மன்றாட அழைக்கும்போது 'நாம்' என்கிறார். அப்பத்தையும் கிண்ணத்தையும் ஏந்தும் வேளையிலோ 'என்' உடல், 'என்' இரத்தம் என்று ஒருமையில் பேசுகிறார். அந்த 'என்' அவருடையதன்று. இணைப்பவரின் சொல்லுக்கு ஒரு மனிதர் தம் நாவை இரவல் கொடுக்கிறார், அவ்வளவே. குருக்களாகிய நாம் அந்த 'என்' என்பதைப் பீடத்திலேயே விட்டுவிட்டு, 'நாம்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு கோயில் வாயிலைக் கடப்போமாக.