வயலின் சும்மா நிற்கும்போது

புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஒருவர் விருந்தினராக வந்து, ஆர்கெஸ்ட்ராவோடு பீத்தோவனின் வயலின் கான்செர்டோவை வாசிக்கிறார் என்றால், டிக்கெட் அவர் பெயருக்குத்தான் விற்கும். ஆனால் அவர் மேடையேறி, கைதட்டல் வாங்கி, நடத்துநருக்குப் பக்கத்தில் வந்து நின்றபின் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஒரு ஸ்வரம்கூட வாசிக்க மாட்டார். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். சிலர் ஆர்கெஸ்ட்ராவின் பக்கம் லேசாகத் திரும்பிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நாமும் அவரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அதையே செய்வது நல்லது. அந்த மூன்று நிமிடத்தைக் கோட்டைவிட்டவருக்கு மிச்சமுள்ள நாற்பது நிமிடமும் வெறும் விரல் வேகமாகத்தான் தெரியும்.

முதலில் ஒலிப்பது டிம்பனி. பின்வரிசையில் இருக்கும் அந்த முரசில் தனியாக, மெதுவாக, ஒரே சுருதியில் நான்கு அடி. ஐந்தாவது அடியில் ஓபோ, கிளாரினெட், பசூன் முதலிய ஊதுகருவிகள் மெட்டைத் தொடங்கிவிடும். ஏதோ தாளம் காட்டத் தட்டினார்கள் என்று விட்டுவிடக் கூடாது. முதல் பகுதி முழுவதற்கும் கரு அந்த நான்கு தட்டுதான். சில நொடிகளில் முதல் வயலின்கள் அதே தட்டை எடுத்துக்கொள்கின்றன, ஆனால் இடறலான ஒரு ஸ்வரத்தில். கச்சேரிக் காது உள்ளவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். இந்தக் கான்செர்டோவின் டி மேஜர், ஸ்வர வரிசையில் நம் சங்கராபரணம். அதில் சுத்த ரிஷபத்தின் இடத்தில், ஷட்ஜத்தை உரசிக்கொண்டு, துணைக்கு யாருமில்லாமல் ஓர் அந்நிய ஸ்வரம் வந்து நிற்கிறது. ஏன் வந்தது என்பதற்குப் பீத்தோவன் உடனே பதில் சொல்வதில்லை. பின்னால் அது எங்கெல்லாம் தலைகாட்டுகிறது என்று தேடிக்கொண்டே கேட்பது ஒரு சுகம்.

வயலின் நுழையும்போதும் மெட்டோடு நுழைவதில்லை. படிப்படியாக மேலே ஏறி, உச்சியில் நின்று, அப்புறம்தான் பேசத் தொடங்கும். இரண்டாவது மெட்டு வருமிடத்தில் இன்னும் கூர்ந்து கேளுங்கள். குழந்தைகூட முணுமுணுத்துவிடக் கூடிய, ஏறி இறங்கும் எளிய மெட்டு அது. அதை வாசிப்பவர்கள் கிளாரினெட்காரர்கள். நம் நட்சத்திரமோ மேலே ஒரு ட்ரில்லை, அதாவது அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களைப் படபடவென்று மாற்றி மாற்றி, வாசித்துக்கொண்டிருப்பார். திரும்பத் திரும்ப இதுவே நடக்கும். எல்லாரும் பாடுகிற பாட்டை அவர் மட்டும் முழுசாகப் பாட முடியாது.

இந்த ஏற்பாடு எல்லாக் கலைஞர்களுக்கும் பிடித்துவிடாது. 1879-இல் அரங்கேறிய பிராம்ஸின் கான்செர்டோவில் இரண்டாம் பகுதியின் மெட்டு ஓபோவுக்கே முதலில் போகிறது. ஓபோ வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு கையில் வயலினோடு மேடையில் நிற்க முடியாது என்று அன்றைய பெரும் வித்வான் சரசாத்தே அதை வாசிக்க மறுத்ததாகச் சொல்வார்கள். கர்வம்தான். ஆனாலும் எதை மறுக்கிறோம் என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

முதல் பகுதியின் முடிவை நெருங்கும்போது ஆர்கெஸ்ட்ரா சட்டென்று நின்றுவிடும். இனி காடென்சா. நம் தனி ஆவர்த்தனம் போல, மேடை முழுவதும் ஒருவருக்கே. (காபிக்கு எழுந்துபோகும் வழக்கம் மட்டும் இங்கே செல்லாது.) வயலினுக்கென்று பீத்தோவன் காடென்சா எழுதி வைக்கவில்லை. அதனால் யாருடையதை வாசிப்பது என்பது கலைஞரின் முடிவு, அதில் அவருடைய குணம் தெரிந்துவிடும். பெரும்பாலோர் பழைய வயலின் வித்வான்களான கிரைஸ்லர் எழுதியதையோ யோவாகிம் எழுதியதையோ எடுப்பார்கள். கிரைஸ்லருடையதில் ஒரே வயலினில் இரண்டு மெட்டுகளும் ஒருசேர ஒலிக்கும் இடம் ஒன்று உண்டு. இதே இசையைப் பீத்தோவன் பியானோவுக்கு மாற்றியபோது எழுதிய காடென்சாவை வயலினுக்குக் கொண்டுவந்து வாசிப்பவர்களும் உண்டு. அதில் டிம்பனியும் சேர்ந்துகொள்ளும்.

எந்தக் காடென்சாவானாலும் அதன் வித்தைகளில் மயங்கி, அது முடிந்த அடுத்த நொடியைத் தவறவிடாதீர்கள். ஆர்கெஸ்ட்ராவின் தந்திக்கருவிகள் வில்லை விட்டுவிட்டு விரலால் மெல்லச் சுண்ட, வயலின் கீழ்த் தந்திகளில் இறங்கி, இருபது நிமிடத்துக்கு மேல் தனக்குக் கிடைக்காமலிருந்த அந்த இரண்டாவது மெட்டை, ஒரு அலங்காரமும் இல்லாமல் முழுதாக வாசிக்கும். இந்த ஓரிடத்துக்காகவே நான் டிக்கெட் வாங்குவேன். மகா கலைஞர்களில் சிலர் இங்கே சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். அவர்களை மன்னிக்க எனக்கு மனசு வருவதில்லை.

இரண்டாம் பகுதியில் தந்திக்கருவிகள் ஒலியை மங்கவைக்கும் ம்யூட் மாட்டிக்கொண்டு வாசிக்கும். மெட்டை முதலில் அவையே சொல்லும்; பிறகு அது கிளாரினெட்டுக்கு, அடுத்து பசூனுக்கு. வயலின் அந்த மெட்டைச் சுற்றிக் கோலமிடும். அது முடிந்ததும் இடைவெளி விடாமல் துள்ளலான மூன்றாம் பகுதி வந்துவிடுவதால், எப்போது கைதட்டுவது என்ற குழப்பம் முதல் பகுதியின் முடிவில் மட்டும்தான். அங்கே தட்டாமலிருப்பது இன்றைய வழக்கம். 1806 டிசம்பர் 23 அன்று வியன்னாவில் இதை முதலில் வாசித்த ஃபிரான்ஸ் கிளெமெண்ட், அதே மாலை வயலினைத் தலைகீழாகப் பிடித்து ஒற்றைத் தந்தியில் வித்தை காட்டினாராம். நம் ஒழுங்குகளெல்லாம் பிறகு வந்தவை. அதற்குப்பின் அதிகம் வாசிக்கப்படாமல் கிடந்த இந்தக் கான்செர்டோவை 1844-இல் லண்டனில் மெண்டல்சோன் நடத்த, பதின்மூன்று வயதுகூட நிரம்பாத யோவாகிம் வாசித்து மீட்டார்.

போவதற்கு முன் வீட்டில் கேட்டுப் பழக இரண்டு ஒலிப்பதிவுகள் போதும்: டொஸ்கானினியுடன் ஹைஃபெட்ஸ் வாசித்தது விறுவிறுப்பு, காராயானுடன் இளம் ஆன்-சோஃபி முட்டர் வாசித்தது நிதானம்.

எல்லாம் முடிந்தபின் கலைஞர் நாலைந்து தடவை வந்து வணங்குவார். கைதட்டல் ஓயாவிட்டால் பெரும்பாலும் பாக்கின் தனி வயலின் துண்டு ஒன்றை வாசிப்பார். இடைவேளைக்குப் பின் வரும் சிம்பொனியில் அவர் இருக்க மாட்டார் என்பதால் சிலர் அத்தோடு கிளம்பிவிடுவார்கள். நான் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பசூன்காரருக்குச் சிம்பொனியில் என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டாமா?