முன்தோல் இறுக்கத்துக்குக் களிம்பு

பையனுக்கு மூத்திரம் போகும்போது நுனித்தோல் உப்புகிறது என்றால், மேலூர்ப் பக்கத்துப் பெற்றோர் பலருக்கு முதலில் மதுரை பெரியாஸ்பத்திரியும் கத்தியும்தான் நினைவுக்கு வரும். இந்தப் பயம் பெரும்பாலும் தேவையற்றது. 1949-இல் இங்கிலாந்து மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர் கணக்கெடுத்தபோது, புதிதாகப் பிறந்த ஆண் குழந்தைகளில் சுமார் 4 சதவீதத்துக்கே முன்தோல் முழுதாகப் பின்னால் நகர்ந்தது. 1968-இல் வெளியான டென்மார்க் பள்ளி ஆய்விலோ, 17 வயதை ஒட்டிய பையன்களில் இறுக்கம் மிஞ்சியது ஏறக்குறைய 1 சதவீதத்தினருக்குத்தான்.

வளர்ந்தும் விலகாத தோலுக்கு, அடிக்கடி புண்ணாகும் தோலுக்கு, பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பு நல்ல மருந்து. இறுகிய வளையத்தில் மட்டும் மெல்லிசாக, தினம் இரண்டு வேளை, 4 முதல் 8 வாரம் பூச வேண்டும். ஐந்தில் நான்கு பேருக்குத் தோல் நெகிழ்கிறது. மயக்க மருந்து வேண்டாம், தையல் வேண்டாம், கூலி வேலைக்குப் போகும் தாய் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் தங்கவும் வேண்டாம். இதைவிடப் பெரிய நன்மை ஏழைக் குடும்பத்துக்கு வேறில்லை.

ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கும் இதை எழுதிக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே காலம் செய்யும் வேலைக்குக் களிம்பு பெயர் வாங்கிக்கொள்கிறது. மருந்தில்லாத வெறும் களிம்பு பூசிய பிள்ளைகளிலும் ஒரு பகுதியினர் குணமானதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பெரிய குறை, சீட்டில் எழுதாமல் விடுவதில் இருக்கிறது. பூசினால் மட்டும் போதாது. குளிக்கும்போது வலிக்காத அளவுக்குத் தோலை மெதுவாகப் பின்னிழுத்துப் பழக்க வேண்டும். வேகமாக இழுத்தால் கிழிந்து, ஆறும்போது தழும்பாகி, இல்லாத நோய் வந்துவிடும். இழுத்த தோலை மறக்காமல் முன்னே கொண்டுவராவிட்டால் நுனி வீங்கி மாட்டிக்கொள்ளும்; அப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மருந்து உண்மையில் தேவைப்படும் எட்டு, ஒன்பது வயதில் பையன் அம்மாவைத் தொடவிட மாட்டான். அவனிடமே நேராகச் சொல்லித்தர வேண்டும். அதற்கு ஒதுக்கும் ஐந்து நிமிடம் மருந்தில் பாதி.

மருந்துக்கடை இன்னொரு கவலை. ஸ்டீராய்டு களிம்புகளை 2018-இல் அரசு சீட்டோடு மட்டும் விற்கும் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் படைக்கும் முகப்பொலிவுக்கும் சீட்டில்லாமல் வாங்கிப் பழகிய கை, மிச்சமிருக்கும் ட்யூபையே பிள்ளைக்கும் எடுக்கிறது. அதில் வேறு மருந்துகளும் கலந்திருக்கலாம்.

நுனி வெளுத்துத் தடித்துத் தழும்பேறியிருந்தால் கதை வேறு. அங்கே களிம்பை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தால் மூத்திரத் துவாரமே சுருங்கக்கூடும். குழந்தை அறுவை மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டியாக வேண்டும்.