பூதவாதியின் தாய்

மணிமேகலையில் எனக்கு ரொம்ப நெருக்கமான ஆள் 27ஆம் காதையின் கடைசியில் கொஞ்ச நேரமே வந்துபோகிற பூதவாதி. அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. அவன் சொல்வதைச் சொல்லவிட்டு, ஒரு கேள்வி கேட்டு, சாத்தனார் கதவைச் சாத்திவிடுகிறார்.

இடம் வஞ்சி. மணிமேகலை மந்திரத்தால் ஒரு தவசியின் உருவம் எடுத்துக்கொண்டு, சமயவாதிகளை ஒவ்வொருவராகப் பார்த்து அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதியில் தொடங்கி சைவம், வைணவம், வேதம், ஆசீவகம், நிகண்டம், சாங்கியம், வைசேடிகம் என்று வரிசை போகிறது. சாத்தனார் இடம் ஒதுக்கியிருக்கும் அழகைப் பார்த்தால் சிரிப்பு வரும். அளவைவாதி நீட்டி முழக்குகிறார். வைணவவாதிக்குக் கிடைப்பது ஓரிரண்டு வரி. பௌத்தர் நடத்தும் பட்டிமன்றம், நடுவரும் அவரே. பெரும்பாலானவர்களை அவள் மறுத்துப் பேசுவதுகூட இல்லை. மனசுக்குள் தள்ளிவிட்டு அடுத்தவரிடம் போகிறாள். வாய் திறந்து மல்லுக்கு நிற்பது பூதவாதியிடம் மட்டும்தான்.

அவன் சொல்வது எளிமையானது. ஆத்திப்பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்து ஊறவைத்தால் போதை பிறக்கிற மாதிரி, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது. அவை பிரிந்தால் உணர்வும் போய்விடும். இன்ப துன்பம் எல்லாம் இந்தப் பிறவியோடு சரி. கண்ணால் கண்டதைத் தவிர வேறு அளவை எதற்கும் மதிப்பில்லை. மணிமேகலை சிரித்துக்கொண்டே, முற்பிறப்பை அறிந்தவர்கள் பற்றிய பேச்சை எடுக்கிறாள். தெய்வம் மயக்கியிருக்கும், இல்லையென்றால் கனவு கண்டிருப்பார்கள் என்கிறான் அவன். உடனே அவள் திருப்பிக் கேட்கிறாள்: உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? காதை அத்துடன் முடிகிறது. அவன் பதில் நூலில் இல்லை.

இதை முதல்முறை வாசித்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏனென்றால் பூதவாதியின் அந்த வசனத்தை நான் பேசியிருக்கிறேன், என் அம்மாவிடம்.

நாலு வயதில் எனக்கு மூளைக்காய்ச்சல். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஐந்தாம் நாள் இரவு கட்டில் கால்மாட்டில் ஒரு சின்னப்பெண் செவ்வாடையில் வந்து உட்கார்ந்திருந்ததாகவும், விடிந்தபோது காய்ச்சல் இறங்கியிருந்ததாகவும் அம்மா சொல்வாள். வந்தது சமயபுரத்தாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. வருஷம் தவறாமல் மாவிளக்குப் போட்டாள். நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்த ஒருநாள், "அது ட்ரிப்ஸ்ல ஏத்துன மருந்தும்மா. நீ அஞ்சு நாளா தூங்கல, கனவு கண்டிருப்ப" என்றேன். "அப்ப நான் பார்த்தது பொய்யாடா?" என்று கேட்டாள். நான் ஏதோ விளக்கம் சொன்னேன். அதற்கப்புறம் நான் இருக்கும்போது அவள் அந்தக் கதையைச் சொன்னதில்லை.

நான் சொன்னது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. காய்ச்சலை இறக்கியது மருந்துதான். எல்லோருக்குமான உண்மை என்று ஒன்று உண்டு, அது யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அப்படியே இருக்கும் என்பது என் கட்சி. "உன் உண்மை உனக்கு, என் உண்மை எனக்கு" என்று பேசும் நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஆபீஸில் புரொடக்‌ஷனில் ஏதாவது உடைந்தால் "என் மெஷின்ல ஓடுதே" என்று ஒருவர் சொல்வார். அந்த வாக்கியத்துக்கு அங்கே என்ன மரியாதையோ, அதே மரியாதைதான் இதற்கும்.

ஆனால் மணிமேகலை கேட்ட கேள்வி லேசானது இல்லை. முதலில் அதில் ஒரு கள்ளம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். முற்பிறப்பை அறிந்த சாட்சி அவளேதான். மணிபல்லவத்தில் புத்த பீடிகையின் முன் தன் பழம்பிறப்பைக் கண்டவள். அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. வேடத்துக்குள் ஒளிந்துகொண்டு, வழக்கை அப்படியே அனுமானத்தின் பக்கம் திருப்பிவிடுகிறாள். முற்பிறப்பு உண்டு என்பதற்கு அவள் ஓர் ஆதாரமும் வைக்கவில்லை. பூதவாதியின் அளவுகோல் அவன் வீட்டுக்குள்ளேயே பற்றாது என்று மட்டும் காட்டுகிறாள்.

அவள் கேட்டது அனுமானத்தைப் பற்றித்தானா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. பெற்றோரை நாம் அறிவது மற்றவர் சொல்லக் கேட்டுத்தானே? அளவைவாதி தன் பேச்சைத் தொடங்கும்போதே ஒரு கணக்குச் சொல்கிறார்: வேதவியாசருக்கு அளவைகள் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு. அந்தப் பட்டியலில் நம்பத் தகுந்தவர் சொல்லுக்கு, அதாவது ஆகமத்துக்கு, தனி இடம் உண்டு. இரண்டு காதை தள்ளி 29இல் அறவண அடிகள், புத்தருக்கு அளவை இரண்டே, காட்சியும் கருத்தும்தான், மற்றதெல்லாம் கருத்துக்குள் அடங்கும் என்கிறார். பூதவாதிக்கு ஒன்றே ஒன்று. பத்து, எட்டு, ஆறு, இரண்டு, ஒன்று என்று கணக்கு இறங்க இறங்க, மற்றவர் சொல்லை நம்புவதற்கு இருந்த நாற்காலியும் போகிறது. பௌத்தர்கள் அதை அனுமானத்தின் மடியில் உட்காரவைத்தார்கள். பூதவாதி வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டான். உண்மையில் அது எங்கும் போவதில்லை. இன்றைக்கு மரபணுச் சோதனை செய்து பார்க்கலாம்தான். செய்தாலும் நம் கையில் வருவது லேப் கொடுத்த ஒரு தாள்.

29ஆம் காதையை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கவிதையாக அது வறண்ட நிலம். திக்நாகர் வழிவந்த 'நியாயப்பிரவேசம்' என்ற சம்ஸ்கிருதத் தர்க்க நூலோடு மிகவும் நெருங்கியது. சில இடங்களில் தமிழ் வினைமுற்று போட்ட சூத்திரம் மாதிரியே இருக்கும். மலையில் புகை, ஆகவே நெருப்பு, அடுக்களையைப் போல என்று தொடங்கி, வாதம் எங்கெல்லாம் கெட்டுப்போகும் என்று அட்டவணை போடுகிறார் அடிகள். டெஸ்ட் கேஸ் எழுதிப் பிழைப்பவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அந்த அட்டவணை பிடிக்கும். மேற்கோளிலேயே பிழை வரும் வகைகள் மட்டும் ஒன்பது. தன் சொல்லைத் தானே வெட்டிக்கொள்வதற்கு உதாரணம், தன் தாயை மலடி என்று ஒருவன் சொல்வது. இங்கேயும் தாய்தான்.

அந்த ஒன்பதில் ஒன்றின் பெயர் அப்பிரசித்த விசேடணம். நான் நிறுவ வந்த தன்மை எதிராளிக்கே ஏற்பில்லாததாக இருந்தால் அது பிழை. அடிகள் தரும் உதாரணத்தில் மாட்டுவது பௌத்தன். சாங்கியனைப் பார்த்து ஒரு பௌத்தன் "ஒலி அழியக்கூடியது" என்கிறான். சாங்கியனுக்கு அழிவு என்பதே கிடையாது. ஆகவே அது போலி. பௌத்தக் காப்பியத்தில், பௌத்தத் துறவி, தன் பெண் சீடருக்குப் பௌத்தனின் வாயில் பௌத்தக் கருத்தையே வைத்து, இது செல்லாது என்று பாடம் எடுக்கிறார். 27ஆம் காதையில் நடுவராக இருந்து ஏமாற்றிய சாத்தனாரை இந்த ஓரிடத்துக்காக மன்னித்துவிடலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒலி அழியும் என்பதை அடிகள் விட்டுக்கொடுக்கவில்லை. அது அவருக்கு எல்லோருக்குமான உண்மைதான், சாங்கியன் உட்பட. அவர் சொல்வது, உண்மையாக இருப்பது வேறு, நிறுவப்பட்டிருப்பது வேறு என்று. முதலாவதற்கு யாரும் தேவையில்லை. இரண்டாவதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும், இரண்டு பேருக்கும் பொதுவாகக் கொஞ்சம் தரை வேண்டும். அந்தத் தரையை நிறுவ முடியாது; ஏற்கத்தான் முடியும். நம்பிக்கை என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த நேர்மையான இடம் இதுதான். எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் சொன்னது உண்மை. ஆனால் நான் எதையும் நிறுவவில்லை. அம்மாவுக்கு மருந்தும் அம்மனும் இரண்டு கட்சி இல்லை. டாக்டருக்கும் அவள் கையெடுத்துக் கும்பிட்டவள்தான்.

உ.வே.சா. 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தார். சைவச் சூழலில் வளர்ந்தவர், பௌத்தச் சொற்கள் புரியாமல் தவித்து, ரங்காசாரியரிடம் கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டவர். அவர் பௌத்தராகவில்லை. நம்பாத ஒன்றின் மேல் அவ்வளவு உழைப்பைப் போட முடிந்திருக்கிறது. நம்புவதற்கும் மறுப்பதற்கும் நடுவில் இப்படி ஒரு வேலை இருப்பதே அந்த வயதில் எனக்குத் தெரியாது.

27க்கும் 29க்கும் நடுவில் இருக்கும் காதையை விட்டுவிட்டுப் போக முடியாது. வாதங்களைக் கேட்டு முடித்த மணிமேகலை நேராகத் தர்க்கம் படிக்கப் போகவில்லை. காஞ்சியில் பஞ்சம். அங்கே போய் அமுதசுரபியைப் பீடிகையில் வைத்து எல்லோரையும் கூப்பிடுகிறாள். பதினெட்டு மொழி பேசுகிறவர்களும் வருகிறார்கள். கண் தெரியாதவர், காது கேளாதவர், ஆதரவற்றவர் எல்லோரும் வருகிறார்கள். உன் கொள்கை என்ன என்று அங்கே யாரையும் கேட்கவில்லை. பசி அப்பிரசித்தம் ஆகிற எதிராளி கிடையாது. பூதவாதியும் வந்து வரிசையில் நின்றிருக்கலாம்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் அழகாக இருக்கும். பசிதான் பொது உண்மை, அன்னமே சமயம் என்று மேடையில் மணிமேகலையைப் பேசுகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் முடிக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. பசி எல்லோருக்கும் தெரியும், சரி. பாத்திரம்? எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்தை நம்பத்தான் முடியும். சாத்தனார் பொது உண்மையையும் நம்பிக்கையையும் ஒரே பீடிகையில் வைத்துவிட்டார். சோற்றைத் தின்றவன் பாத்திரத்தையும் ஒப்புக்கொண்டானா? பன்னிரு நிதானங்களை ஒப்புக்கொண்டானா? வயிறு நிறைந்தது சார்பில் தோற்றத்துக்கு ஏதுவாகாது. 30ஆம் காதையில் மும்மணிகளைச் சரணடையும் மணிமேகலைகூட, தர்க்கம் கேட்டு மனம் மாறியவள் இல்லை. மணிபல்லவத்திலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். 29 அவளுக்கு மற்றவர்களோடு பேசுவதற்கான பயிற்சி.

பூதவாதியாக இருந்து ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். "என் தாயை அனுமானத்தால்தான் அறிந்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டால் அவளே வந்து சொல்வாள். உன் முற்பிறப்பில் யாரைக் கேட்பது?" நல்ல பதில்தான். கேட்டால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம், "ஆஸ்பத்திரில ஒரு பொண்ணு வந்து உக்காந்துச்சுன்னு சொல்லுவியே, அது எந்தப் பக்கம் உக்காந்துச்சு?" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இப்ப எதுக்கு?"

"சும்மாதான்மா."

"கால்மாட்டுல. ஜன்னல் பக்கம்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் வைத்திருந்த பாலைப் பார்க்க எழுந்து போனாள்.