மூளை நலத்துக்கு மூன்று எண்கள்: 53, 21, 3

போன வருஷம் பொங்கலுக்குத் தஞ்சாவூர் போயிருந்தேன். கிளம்புகிற அன்று அம்மா, "ரயில் எத்தனை மணிக்குடா?" என்று அரை மணி நேரத்தில் மூன்று தடவை கேட்டார். ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டாச்சு என்பது அவருக்குத் தெரியவில்லை. வயது 71. தனியாக இருக்கிறார்.

சென்னை வந்து சேர்ந்தும் அந்தப் பயம் போகவில்லை. ஒரு மென்பொருள்காரன் பயந்தால் என்ன செய்வான்? எக்ஸெல் ஷீட் போடுவான். நானும் போட்டேன். கீரை, வால்நட், நெல்லிக்காய், நடை, குறுக்கெழுத்து, அன்றைய இலக்கு என்று ஆறு பத்திகள். தினம் ராத்திரி எட்டு மணிக்கு போன் போட்டு, கேட்டுக் கேட்டு டிக் அடிப்பேன்.

அந்த ஆறு பத்திகளும் என் கண்டுபிடிப்பு கிடையாது. 'மூளையைக் கூர்மையாக்கும் பத்துப் பழக்கங்கள்' வகைக் கட்டுரைகள், வீடியோக்கள், வாட்ஸ்அப்பில் வந்தவை என ஒரு டஜன் இருக்கும். எல்லாவற்றையும் படித்துத் திரட்டியது. திரட்டும்போதே ஒன்று உறுத்தியது. யார் எழுதினாலும் அதே மூன்று எண்கள் வந்து நின்றன. இந்த உணவுமுறை அல்சைமர் அபாயத்தை 53 சதவீதம் குறைக்கும். எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும். இலக்கை எழுதி வைக்கும் 3 சதவீதம் பேர்தான் ஜெயிக்கிறார்கள்.

இந்த மூன்றையும் அதன் மூலம் வரை தேடிப் போனேன். இந்தப் பதிவு அந்தத் தேடலின் குறிப்பு. என் ஷீட் என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

53

இது காற்றில் வந்த எண் இல்லை. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மோரிஸ் குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு. 'மைண்ட்' என்று பெயரிட்ட உணவுமுறை. கீரை, மற்ற காய்கறிகள், கொட்டைகள், பெர்ரி, பயறு, முழுத்தானியம், மீன், கோழி, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் ஒயின் என்று சாப்பிட வேண்டியவை பத்து. சிவப்பு இறைச்சி, வெண்ணெய், சீஸ், இனிப்பு, பொரித்தது என்று குறைக்க வேண்டியவை ஐந்து. 923 முதியவர்களைச் சராசரியாக நாலரை வருஷம் பின்தொடர்ந்தார்கள். இந்த முறைக்கு மிக நெருக்கமாகச் சாப்பிட்டவர்களுக்கு, மிகக் குறைவாகப் பின்பற்றியவர்களைவிட அல்சைமர் வரும் விகிதம் 53 சதவீதம் குறைவாக இருந்தது.

கவனிங்க, இது அவதானிப்பு ஆய்வு. அவரவர் வழக்கமாகச் சாப்பிடுவதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு என்ன ஆகிறது என்று பார்ப்பது. கீரையும் கொட்டையும் சாப்பிடுகிற ஆள் அதிகம் படித்தவராக, அதிகம் நடப்பவராக, நேரத்துக்கு டாக்டரிடம் போகிறவராகவும் இருக்கலாம். ஆய்வாளர்கள் கணக்கில் இதையெல்லாம் முடிந்தவரை கழித்துத்தான் பார்த்தார்கள். ஆனால் அளக்காத ஒன்றைக் கழிக்க முடியாது.

இது மோரிஸுக்கே தெரியும். அதனால்தான் சீட்டுக் குலுக்குவது மாதிரி ஆட்களை இரு குழுவாகப் பிரித்துச் செய்யும் சோதனை ஒன்றைத் தொடங்கினார். 2020-ல் அவர் காலமானார், முடிவைப் பார்க்கவில்லை. 2023-ல் அது நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. 604 பேர், மூன்று வருஷம். ஒரு குழுவுக்கு மைண்ட் உணவு. இன்னொரு குழு தன் வழக்கமான உணவையே கொஞ்சம் அளவைக் குறைத்துச் சாப்பிட்டது. இரண்டு குழுவுக்கும் எடை சுமார் ஐந்து கிலோ குறைந்தது. இரண்டு குழுவின் மூளைத்திறன் மதிப்பெண்ணும் லேசாக ஏறியது. குழுக்களுக்கு இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இதனால் கீரை வீண் என்று ஆகாது. மூன்று வருஷம் போதாமல் இருக்கலாம், எதிர்க்குழுவும் எடை குறைந்ததால் வித்தியாசம் மங்கியிருக்கலாம். ஆனால் 2023-க்குப் பிறகும் 53-ஐ மட்டும் எழுதிவிட்டு 604 பேரை மறைப்பவர், பாஸான டெஸ்ட்டை மட்டும் காட்டி ரிலீஸ் கேட்கும் ஜூனியர் மாதிரி. எங்கள் ஆபீஸில் விட மாட்டோம்.

நம்ம ஊர் வடிவம் இன்னும் விசேஷம். பெர்ரிக்குப் பதில் நெல்லிக்காய், ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய், ஒயினை எடுத்துவிட்டு மோர். நெல்லிக்காய் நல்ல பண்டம்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் சிகாகோக்காரர்கள் நெல்லிக்காயை அளக்கவில்லையே! சமையல் பொருளை எல்லாம் மாற்றிவிட்டு 53-ஐ மட்டும் அப்படியே வைத்துக்கொண்டால் எப்படி?

21

மாக்ஸ்வெல் மால்ட்ஸ் நியூயார்க்கில் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர். 1960-ல் 'சைக்கோ-சைபர்நெட்டிக்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். மூக்கைத் திருத்திக்கொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று தன் அனுபவத்திலிருந்து அதில் சொல்கிறார். அவ்வளவுதான். முதலில் 'குறைந்தது' உதிர்ந்தது, பிறகு 'சுமார்' உதிர்ந்தது, கடைசியில் மூக்கும் உதிர்ந்துவிட்டது. மிஞ்சியது 21.

உண்மையில் அளந்து பார்த்தவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஃபிலிப்பா லாலி. 96 பேர், 84 நாள். ஆளுக்கொரு புதுப் பழக்கம். யோசிக்காமல் தானாக நடக்கும் நிலையை எட்ட ஆன காலத்தின் இடைநிலை அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை போனது.

இப்போது விவரம் தெரிந்த கட்டுரைகள் 21-ஐத் தூக்கிவிட்டு 66 போடுகின்றன. இதிலும் ஒரு சிக்கல். 84 நாளே நடந்த ஆய்வில் 254 எங்கிருந்து வந்தது? வளைகோட்டை மேலே நீட்டிக் கணக்கிட்டது. அந்த வளைகோடும் நன்றாகப் பொருந்தியது 39 பேருக்குத்தான். ஆய்வாளர்கள் இதை ஒளிக்கவில்லை, சுருக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். படிக்கிற நாம்தான் ஒற்றை எண்ணைத் தேடி ஓடுகிறோம்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை ஏனோ யாரும் தலைப்பாக்குவதில்லை. நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பில்லை. 21 நாள் சவாலில் 12-ம் நாள் தவறியவர், "போச்சு, நமக்கு மனவுறுதி இல்ல" என்று விட்டுவிடுகிறார். எண் பிழையாக இருக்க, பழி ஆள் மேல் விழுகிறது. எனக்கு இந்த வகைக் கட்டுரைகள் மேல் இருக்கும் கோபத்தில் பாதி இதற்காகத்தான்.

3

யேல் பல்கலைக்கழகத்தின் 1953-ம் வருஷ மாணவர்களில் 3 சதவீதம் பேர் மட்டும் இலக்கை எழுதி வைத்திருந்தார்களாம். இருபது வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த 3 சதவீதத்தினரின் சொத்து மற்ற 97 சதவீதத்தினரின் மொத்தச் சொத்தைவிட அதிகமாம். சில மேடைகளில் யேல் ஹார்வர்டாக மாறும், வருஷமும் மாறும். 3 மட்டும் மாறாது.

இப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. 1996-ல் ஃபாஸ்ட் கம்பெனி பத்திரிகை விசாரித்தபோது, கதையைச் சொன்ன பேச்சாளர்கள் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார்கள். யேலும் இல்லை என்று சொல்லிவிட்டது.

இதில் வருத்தம் என்னவென்றால், இலக்கு பற்றி நிஜமான நல்ல ஆய்வு இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் சொன்னது: 'தினமும் நடப்பேன்' என்பதைவிட, 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று நேரத்தோடும் இடத்தோடும் முடிச்சுப் போட்டால் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடும். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பலன் நடுத்தரத்துக்கும் மேல். கோடீஸ்வரன் ஆக்காது. மாத்திரையை மறக்காமல் போட வைக்கும்.

சரி, அப்போ எதுதான் வேலை செய்யும்?

2024-ல் லான்செட் ஆணையம் மறதிநோய்க்கு மாற்றக்கூடிய 14 அபாயக் காரணிகளைப் பட்டியலிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது கேளாமை, சரிசெய்யாத பார்வைக் குறை, புகை, குடி, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு, உடலுழைப்பின்மை, உடல் பருமன், சிறுவயதில் படிப்புக் குறைவு. எல்லாவற்றையும் ஒழித்தால், கொள்கையளவில், உலகில் 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது. இது மக்கள்தொகைக் கணக்கு. உங்கள் அபாயம் 45 சதவீதம் குறையும் என்று அர்த்தமில்லை. நாளைக்கு இதுவும் ஒரு 53 ஆகிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தப் பட்டியலில் வால்நட் கிடையாது, குறுக்கெழுத்தும் கிடையாது. முதலில் கண்ணில் பட வேண்டியது ரத்த அழுத்தம், ஏனென்றால் அதற்குப் பின்னால் சோதனைகளே இருக்கின்றன. அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வில் மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவுக்கு, 140-க்குக் கீழே போதும் என்றிருந்த குழுவைவிட லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைவு. மறதிநோயில் மட்டும் வித்தியாசம் உறுதியாகவில்லை. 2025-ல் வெளியான சீன ஆய்வு, 326 கிராமங்களில் கிட்டத்தட்ட 34,000 பேரை எடுத்துக்கொண்டது. கிராம மருத்துவப் பணியாளர்களே பிபி மாத்திரையைக் கொடுத்துக் கண்காணித்தார்கள். நான்கு வருஷத்தில் மறதிநோய் 15 சதவீதம் குறைந்தது. 53 பக்கத்தில் 15 சின்ன எண்தான். ஆனால் இது குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனையில் நின்ற எண்.

பத்துப் பழக்கக் கட்டுரைகளில் இது ஏன் இல்லை? பிபி மாத்திரை அலுப்பான விஷயம். அதற்கு அழகான போட்டோ எடுக்க முடியாது.

ஷீட் என்ன ஆனது

மூன்று மாதம் ஓடியது. 90 சதவீதம் பச்சை. எனக்கோ பெருமை தாங்கவில்லை. சித்திரையில் ஊருக்குப் போனபோது சும்மா அம்மாவின் பிபி பார்க்க வைத்தேன். 172/96.

"மாத்திரை போடறீங்களாம்மா?"

"தீர்ந்துபோச்சு. தலைசுத்தல் ஒண்ணும் இல்லயேன்னு விட்டுட்டேன். ரெண்டு மாசம் இருக்கும்."

"தினமும் போன் பண்ணினேனே, சொல்லவே இல்லையேம்மா?"

"நீ கீரை, வால்நட்டுன்னுதான கேட்டே. மாத்திரையைப் பத்திக் கேக்கலயே."

அவர் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். எனக்குத்தான் உறைத்தது. இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சர்வர் ஒருபக்கம் படுத்துக் கிடக்க, டேஷ்போர்டு பச்சையாகச் சிரிப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! அளக்க எளிதானதை அளந்துவிட்டு, அளக்க வேண்டியதை விட்டுவிட்டேன்.

டாக்டரிடம் கூட்டிப்போனோம். மாத்திரை மறுபடி ஆரம்பித்தது. மறதிக்கு பி12, தைராய்டு குறைவும் காரணமாகலாம் என்று ரத்தப் பரிசோதனை எழுதினார். காதையும் சோதிக்கச் சொன்னார். இந்த மூன்றும் நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இல்லை. வீட்டில் யாருக்காவது ஞாபகம் பிசகுகிறதென்றால், வால்நட் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்.

ஷீட்டை அழித்துவிட்டேன். அதற்குப் பதில் ஒரே ஒரு முடிச்சு. அம்மா காலையில் காபி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும் இடத்தில் மாத்திரை டப்பா இருக்கிறது. டம்ளரைக் கவிழ்த்ததும் மாத்திரை. ஒரு நாள் தவறினால் பரவாயில்லை, மறுநாள் வழக்கம்போல.

ரயில் நேரத்தை அம்மா இப்போதும் சில சமயம் இரண்டு தடவை கேட்கிறார். மாத்திரை அதை மாற்றும் என்று நான் சொல்ல மாட்டேன். பிபி போன வாரம் 134/82. கீரை அவர் எப்போதும் சாப்பிடுவதுதான்; இப்போது அதை யாரும் எண்ணுவதில்லை.