கொடைப் பாட்டும் போன் பாட்டும்

கோவில்பட்டி அருகே இளையரசனேந்தல் பக்கம் கோயில் கொடை என்றால், கால் நாட்டிய கையோடு ரேடியோ செட் வந்துவிடும். மரத்துக்கு மரம் குழாய் கட்டி, சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்குவார்கள். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டில் சூடு பிடித்து, பிறகுதான் சினிமாவுக்கு வருவார்கள். தாத்தாவுக்கும் பேரனுக்கும் அதே பாட்டுதான். பிடிக்காவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு எங்கே போவது? ஊருக்கென்று ஒரு பொது ரசனை இருந்ததற்கு இந்தக் கட்டாயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கோவில்பட்டி வட்டாரத்துக் காதும் லேசுப்பட்டதல்ல. நாதஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் குடியிருந்த ஊர். அவர் வாசிப்பில் கிறங்கிய எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பக்கத்து இடைசெவல்காரர். ‘கொஞ்சும் சலங்கை’யில் (1962) அருணாசலத்தின் நாதஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் சேர்ந்தபோது, கச்சேரிப் பக்கமே போகாதவர்களும் நாதஸ்வரம் கேட்டார்கள்.

புதுப் பாட்டு வரும்போதெல்லாம் பெரியவர்கள் கேட்கும் ‘இதெல்லாம் ஒரு பாட்டா?’ என்பது புதுக் கேள்வி அல்ல. 1976இல் ‘அன்னக்கிளி’, 1992இல் ‘ரோஜா’, 2011இல் ‘கொலவெறி’ என்று ஆள் மாறியதே தவிர கேள்வி மாறவில்லை. அமெரிக்காவில் ஹோல்புரூக், ஷிண்ட்லர் இருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறக்குறைய 24 வயதில் கேட்ட பாட்டுகள்தாம் ஒருவருக்கு மிகவும் பிடித்துப்போகின்றன. பெரியவர்கள் சொல்வதை வெறும் புலம்பல் என்றும் தள்ள முடியாது. 1955 முதல் 2010 வரையிலான மேற்கத்திய வெகுஜனப் பாட்டுகளை அலசிய ஸ்பெயின் ஆய்வாளர்கள், சத்தம் கூடியிருக்கிறது, சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் வகைகள் குறைந்திருக்கின்றன என்று 2012இல் எழுதினார்கள். நம் பாட்டுகளை இப்படி யாராவது அலசினால் தேவலை.

ஆனால் 24 வயதுக் கணக்கு நம் பேரன்மாரிடம் செல்லவில்லை. இளையராஜாவின் ‘குணா’ (1991) பாட்டு ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ (2024) வந்ததும் அவர்களுடைய பாட்டாகிவிட்டது. ‘பொன்மனச்செல்வன்’ பார்க்காதவர்களுக்கு அதன் பாட்டு ‘லப்பர் பந்து’ பாட்டு. தேவாவின் ‘ஏழையின் சிரிப்பில்’ பாட்டை ‘லியோ’ மீட்டுக் கொடுத்தது. ஆக, பழசு புதுசு என்பதில் சண்டை இல்லை. எவ்வளவு நேரம் கேட்பது என்பதில்தான் வித்தியாசம். அப்பா தலைமுறை, துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்தது. 60 நிமிஷ கேசட்டில் எத்தனை அடங்கும் என்று கணக்குப் போட்டுப் பதிந்து வாங்கியதால், இரண்டாவது சரணம்வரை மனப்பாடம். மகனுக்கு ரீல்ஸில் வரும் பல்லவி போதும். இடையிசை வந்ததுமே விரல் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடும். இளையராஜாவின் பாதி உழைப்பு அந்த இடையிசையில் அல்லவா இருக்கிறது!

தன் பாட்டுகளை அனுமதியின்றி எடுத்துக்கொண்டதாக இளையராஜா 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தயாரிப்பாளர்களுக்கும், 2025இல் ‘குட் பேட் அக்லி’ தயாரிப்பாளர்களுக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். யாரும் சீண்டாத பாட்டுக்கு எவனும் நோட்டீஸ் விடமாட்டான்.